பின்னால் எழுதிய கேள்வி

ஒன்று புள்ளி எட்டு மூன்று. மூன்று தடவை போட்டுப் பார்த்தாகிவிட்டது, மூன்று தடவையும் அதுதான் வருகிறது. சட்டைப் பையில் நான்காக மடித்த தாளில் அந்த எண் இருக்கிறது, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தாளின் முனை மார்பில் உறுத்துகிறது, எடுத்து வேறு பக்கமாக மடித்து வைக்கலாம், ஆனால் கை போகவில்லை. மேனேஜர் அறைக்கு வெளியே இந்த பெஞ்சில் உட்கார்ந்து கால்மணி நேரம் இருக்கும். உள்ளே மோகனசுந்தரம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார், எதிர்முனையில் சேலத்து ஏஜென்சிக்காரராகத்தான் இருக்கவேண்டும், மஞ்சள் பொட்டலம் எடை குறைகிறது என்று ஆறு பெட்டியைத் திருப்பி அனுப்பியவர். இவர் குரல் குழைந்து குழைந்து போகிறது. டீக்கு மிஷின்கள் நிற்பதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டால் நல்லது. கூப்பிடாமலே இருந்துவிட்டாலும் நல்லது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேக்கிங் ஹால், மூன்றாம் மேசையில் மயிலாத்தா, தலையில் வலைத்தொப்பி, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிய துணி. காலால் மிதிக்கிறாள், மேலேயிருந்து மஞ்சள் பொடி பொட்டலத்துக்குள் இறங்குகிறது, தராசுத் தட்டில் வைக்கிறாள், ஒரு பார்வை, ஒரு சிட்டிகை எடுக்கிறாள் அல்லது போடுகிறாள், வாயை ஒட்டித் தள்ளுகிறாள். ஒரு பொட்டலத்துக்கு ஒன்பது நொடி. எண்ணியிருக்கிறேன். எதைத்தான் எண்ணாமல் விட்டேன். நான் கூப்பிடப்பட்டு உள்ளே போய், இந்தத் தாளை மேசைமேல் வைத்து வெளியே வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் அவள் எத்தனை பொட்டலம் கட்டியிருப்பாள் என்றுகூட மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில்தான் மோகனசுந்தரம் என்னைக் கூப்பிட்டார். இந்த மசாலாக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக எடை செக்கர் நான், மேனேஜர்கள் நாலு பேர் மாறியிருக்கிறார்கள், ஒருவரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. இவர் சொன்னார். "சென்னியப்பண்ணா, நீங்க என்னமோ நோட்டுப் போட்டுப் பெரிய கணக்கெல்லாம் போடுவீங்களாமே, ஸ்டோர்ல திருமூர்த்தி சொன்னான்." திருமூர்த்தி என்னைப் புரொபசர் என்பான், பத்தாவது படித்த புரொபசர் என்று அதையும் சேர்த்துச் சொல்வான், ஆனால் சொல்லியிருக்கிறான். எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்றாம் மேசைப் பொட்டலம் சரியாக இருக்கிறதா என்று கணக்குப்படி பார்த்துச் சொல்லவேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தம்மா பொடியை எடுக்கிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது, டிபன் டப்பாவில் கொண்டுபோகிறது என்கிறார்கள், சும்மா ஒருத்தரைக் குற்றம் சொல்லக்கூடாது பாருங்கள், உங்கள் கணக்கு சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடலாம், சேலத்துக்காரருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகும் என்றார். நான் சரிங்க என்றேன். அனுப்புவதைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி மட்டும்தான் அப்போது நினைத்தேன். அதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பொடி எடுத்தவள் என்று இந்த ஊரில் பெயர் வந்துவிட்டால், ஈரோட்டைச் சுற்றி எந்த மசாலாக் கம்பெனியும் அவளை உள்ளே விடாது, வேறு வேலை அவளுக்குத் தெரியாது, வீட்டில் புருஷன் இடுப்பொடிந்து கட்டிலில் கிடக்கிறான், இதெல்லாம் ஹாலில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் கணக்கு என்றார், எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்தப் புத்தகத்தில் இப்படி யாருக்கும் எதுவும் ஆனதில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த கட்டில் கிடைத்தது அது, அட்டை கிடையாது, முதல் பதினாறு பக்கம் கிடையாது, புள்ளியியல் என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் போட்டிருந்ததால்தான் அது என்ன புத்தகம் என்றே தெரிந்தது. அதில் எல்லாக் கம்பெனிகளும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு பல்பு கம்பெனி தன் பல்புகள் சராசரியாக ஆயிரம் மணி நேரம் எரியும் என்று சொல்கிறது. ஒரு டயர் கம்பெனி, ஒரு மாத்திரைக் கம்பெனி. இருபத்தைந்து பல்பு எடுத்துப் பார்த்தால் இன்னது வந்தது, கம்பெனி சொன்னதை நம்பலாமா கூடாதா. விடை பின்னால் இருக்கும், கருதுகோள் மறுக்கப்படுகிறது, அல்லது கருதுகோளை மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை. அவ்வளவுதான். பல்பு கம்பெனிக்காரன் வீட்டில் அன்றைக்கு என்ன ஆயிற்று என்று போட்டிருக்காது. எட்டு மாதம் ஒன்றும் புரியவில்லை, ஒன்பதாவது மாதம் ஒரு சாயங்காலம் புரிந்தது. முதலில் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். வந்திருக்கிற வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா என்று பார்க்கவேண்டும். நூற்றுக்கு ஐந்து தடவைகூடத் தற்செயலாக வராது என்றால்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம். அதற்கு ஒரு எல்லை எண், அட்டவணையில் இருக்கும், நம் எண் அதைத் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, நமக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். இது புரிந்த சாயங்காலம் நான் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். என் சம்சாரம் பாவாயி, ஏனுங்க வயிறு கியிறு வலிக்குதுங்களா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நானே கணக்குகள் உண்டாக்கினேன். சித்தோட்டு பஸ் ஏழு நாற்பதுக்கு வருகிறதா. மழை நாளில் பொடி ஈரம் குடித்து எடை ஏறுகிறதா. பாவாயி உறை ஊற்றும் தயிர் கடைத் தயிரைவிடச் சீக்கிரம் புளிக்கிறதா, இதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புத்தகத்தில் ஒரு விதி உண்டு, கேள்வியை முதலில் எழுதவேண்டும், பிறகுதான் எண்களைப் பார்க்கவேண்டும். பஸ் சரியான நேரத்துக்கு வருகிறதா இல்லையா என்று கேட்டால் முந்தி வந்தாலும் தப்பு, பிந்தி வந்தாலும் தப்பு, இரண்டு பக்கமும் பார்க்கிற சோதனை, எல்லை எண் பெரிது. பஸ் லேட்டாக வருகிறதா என்று மட்டும் கேட்டால் ஒரு பக்கச் சோதனை, எல்லை எண் சின்னது, தாண்டுவது சுலபம். நான் முதலாவதைக் கேட்டு, எண் தாண்டாமல் போனதும் அழித்துவிட்டு இரண்டாவதை எழுதினேன். பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பஸ்காரன் மேல் தீர்ப்பு எழுதியதை வாய்விட்டுப் படித்தபோது நிமிர்ந்து பார்த்து, முந்தாநாள் நீங்க இப்படிக் கேக்கலையே என்றாள். "பதிலப் பாத்துப்போட்டுக் கேள்வி கேட்டா யாருதானுங்க பாஸாக மாட்டா." அன்றிலிருந்துதான் கையெழுத்து. கேள்வியை எழுதியதும் பக்கத்தின் அடியில் பாவாயி கையெழுத்துப் போடுவாள், போட்டபிறகு கேள்வியைத் தொடக்கூடாது. பா, வா, யி, மூன்று எழுத்தையும் மூன்று தனித்தனி ஆள் போல நிறுத்துவாள். நூற்று நாற்பத்தாறு பக்கங்கள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, அந்த நோட்டுகள் இருக்கின்றன.

உள்ளே இன்னும் பேச்சு முடியவில்லை. திங்கட்கிழமை அவளுடைய மேசையிலிருந்து இருபத்தைந்து பொட்டலம் எடுத்தேன், ஒவ்வொன்றும் நூறு கிராம் இருக்கவேண்டும், சராசரி தொண்ணூற்று எட்டு புள்ளி ஒன்பது, திட்ட விலக்கம், அதாவது பொட்டலத்துக்குப் பொட்டலம் எடை மாறுகிற அளவு, மூன்று. ஒன்று புள்ளி ஒன்று கிராம் குறைவு. மோகனசுந்தரம் இதைக் கேட்டால் உடனே பெருக்குவார், ஒரு நாளைக்கு மூவாயிரம் பொட்டலம், மூன்று கிலோ முன்னூறு, ஒரு நாளைக்கு மூன்று கிலோ என்று சொல்லிவிடுவார், மூன்று கிலோ என்றதும் அது திருட்டு ஆகிவிடும். அவள் டிபன் டப்பா என் உள்ளங்கை அகலம். அதில் மூன்று கிலோ எங்கே, முக்கால் கிலோவாவது அமுக்கலாமா. ஏன் நான் இதை நேற்று நினைக்கவில்லை. நேற்று அட்டவணைதான் முன்னால் இருந்தது. கேள்வி எழுதுகிற அந்த நோட்டில், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாவாயி கடைசியாகப் பன்னிரண்டு வெற்றுப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டாள். நான் கேட்கவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள், நான் ஊருக்குப் போயிட்டா யாரு போடுவாங்க என்று ஏதோ தங்கச்சி வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி சொன்னாள், தலையணையில் சாய்ந்து ஒன்றொன்றாகப் போட்டாள், ஏழாவதில் யி கீழே இறங்கிவிட்டது. நர்ஸ் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி முறைத்து, எதுக்குங்க வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்குறீங்க என்றது. பாவாயிக்குச் சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது. "சொத்தா இருக்குது கண்ணு எழுதி வாங்க, பஸ்சு லேட்டாங்கறதுக்கு." அவள் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. பக்கங்களைச் சிக்கனமாகச் செலவழித்தேன். பத்துப் பக்கம் தீர்ந்திருந்தது. திங்கட்கிழமை பதினொன்றாவதில் எழுதினேன், மூன்றாம் மேசைப் பொட்டலம் நூறு கிராமா, இல்லையா. இரண்டு பக்கமும் பார்க்கிற கேள்வி. குறைந்தாலும் தப்பு, கூடினாலும் கம்பெனிக்கு நஷ்டம், அதனால் அப்படித்தான் கேட்கவேண்டும், சரியாகவே கேட்டேன். எல்லை இரண்டு புள்ளி பூஜ்யம் ஆறு. வந்தது ஒன்று புள்ளி எட்டு மூன்று. தாண்டவில்லை.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நேற்று சாயங்காலம் ஆறு மணி, குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, குடம் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்டிருக்கிறார், உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறார், அவரிடம் போய்த் தெரியவில்லை என்று சொல்வதா. இவ்வளவு படித்து, இவ்வளவு நோட்டு நிரப்பி, தெரியவில்லை. திருமூர்த்தி இளிக்கிற பல் மனசில் தெரிந்தது. மயிலாத்தா மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளை நினைக்கவேயில்லை, அதுதான் பயமாக இருக்கிறது, ஒருத்தியைக் கெடுக்க அவள்மேல் கோபம்கூட வேண்டியதில்லை போலிருக்கிறது. பக்கத்தைத் திருப்பினேன். பன்னிரண்டாவது, கடைசி. நூறு கிராமுக்குக் குறைவா என்று எழுதினேன். எல்லை ஒன்று புள்ளி ஏழு ஒன்று. தாண்டிவிட்டது. அதே பொட்டலங்கள், அதே எண், ஒரு வரியை மாற்றியதும் தாண்டிவிட்டது. நல்ல தாளில் எடுத்து எழுதி, குறைவு உறுதியாகிறது என்று முடித்து, நான்காக மடித்தேன். மடித்தபிறகு நோட்டை மூடப் போகும்போதுதான் பார்த்தேன், பக்கத்தின் அடியில் பா, வா, யி. நான் பின்னால் எழுதிய கேள்விக்குக் கீழே, முன்னால் எழுதியது என்று அவள் சாட்சி. உயிரோடு இருந்தபோது ஒரு பஸ்காரனுக்காக என்னை விடாதவள். எழுந்து போய்க் குழாயை மூடினேன், அடுக்களை முழுக்கத் தண்ணீர், துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மிஷின்கள் நின்றுவிட்டன. திடீரென்று ஹால் அமைதியாகும்போது காதுக்குள் ஒரு ரீங்காரம் மிச்சம் இருக்கும். பெண்கள் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். கண் மட்டும் மஞ்சள் வளையத்துக்குள் இருக்கும், மற்ற இடமெல்லாம் சொந்த நிறம். மயிலாத்தா கையில் இரண்டு டம்ளர். வேண்டாம் இங்கே வராதே என்று நினைக்கிறேன், நேராக என்னிடம்தான் வருகிறாள். என்னங்ணா, பரிச்சை எழுத வந்த புள்ளையாட்ட உக்காந்திருக்கீங்க, என்று ஒரு டம்ளரை நீட்டுகிறாள். டம்ளரின் வெளியில் நாலு விரல் மஞ்சள். சும்மாதான்மா என்கிறேன். திங்கக்கிழமை என்ர மேசையில பொட்டலம் எடுத்துட்டுப் போனீங்களே, நல்லாருந்துச்சுங்களா என்று கேட்கிறாள், நன்றாகச் சமைத்துப் போட்டுவிட்டுக் கேட்கிற மாதிரி கேட்கிறாள். அவளுக்குத் தெரியாது. அல்லது தெரிந்து கேட்கிறாளா. எடுத்தவள் இப்படி வந்து கேட்பாளா, எடுத்தவள்தான் இப்படி வந்து கேட்பாளா, இரண்டும் சரியாகத் தோன்றுகிறது, முகத்தைப் பார்த்து எதையும் சொல்லமுடியாது என்பதற்காகத்தானே கணக்கு வந்தது. இன்னும் பாத்து முடிக்கலைம்மா என்று வாயில் வந்துவிடுகிறது. வந்தபிறகு அது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. பையில் தாள் உறுத்துகிறது. முடிக்கவில்லை. ஒருவேளை அதுதான் நிஜம். அவள் காலி டம்ளரை வாங்க நிற்கிறாள், டீ சூடு, நாக்கைச் சுட்டுக்கொண்டு குடிக்கிறேன்.

கதவு திறந்து மோகனசுந்தரம் வாங்ணா என்கிறார். என் பின்னால் அவள் போகிற சத்தம், செருப்பு இழுபடுகிறது. அறைக்குள் ஏசி, வியர்வை சில்லென்று ஆகிறது. உட்காருங்ணா. இந்தத் தடவை உட்காரவில்லை. கையை நீட்டுகிறார், நான் தாளை எடுத்து விரிக்கிறேன், அவர் கைக்கும் என் கைக்கும் நடுவில் அது ஒரு நொடி நிற்கிறது. கொடுத்துவிட்டால் நான் வெளியே போய்விடலாம். எழுதியதில் எண் எதுவும் தப்பில்லை, யார் போட்டாலும் அதே விடைதான் வரும், ஒரு பக்கச் சோதனையும் புத்தகத்தில் உள்ளதுதான், உலகத்தில் ஒரு ஆளுக்கும் தெரியப்போவதில்லை, தெரிந்திருக்கக்கூடிய ஒருத்தி இப்போது உயிரோடு இல்லை. தாளை மறுபடி மடிக்கிறேன். இது செல்லாதுங்க தம்பி என்கிறேன். அவர் புரியாமல் பார்க்கிறார். கேள்விய நான் பின்னால மாத்தி எழுதினேனுங்க. பதிலைப் பார்த்தபிறகு. அவர் நாற்காலியில் சாய்ந்து, எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாங்ணா, குறையுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க என்கிறார். சொல்லவேண்டியது ஒரு சின்னச் சொல், நேற்றிலிருந்து அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இத்தனையும் செய்தேன்.

"தெரியாதுங்க."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. இத்தனை வருசம் கணக்குப் போட்டது தெரியாதுன்னு சொல்றதுக்குத்தானுங்களா என்றார். ஆமாங்க, என்றேன், சில சமயம் அதுக்குத்தான். பிறகு நான் பேசியது எனக்கே ஆச்சரியம். போன வாரம் மூன்றாம் மேசையில் கட்டி முடித்து ஸ்டோரில் சீல் வைத்த பெட்டிகள் இருக்கின்றன, அதிலிருந்து புதிதாக இருபத்தைந்து பொட்டலம் எடுக்கிறேன், அதை அவளும் இனித் திருத்த முடியாது, நானும் திருத்த முடியாது, கேள்வியை முதலில் எழுதிச் சாட்சி வாங்குகிறேன், அதில் குறைவு என்று வந்தால் குறைவு என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். குறைஞ்சா அனுப்பிருவேன், பாத்துக்கங்க என்றார். எடை குறைந்தால் எடை குறைவு என்றுதான் தெரியும், எடுத்தாள் என்று தெரியாது, மிஷினாகவும் இருக்கலாம் என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்தார், மூடித் திறந்தார். வியாழக்கிழமை வரைக்கும் டைம், அன்னிக்கும் தெரியாதுன்னு வந்து நின்னீங்கன்னா, இந்தக் கம்பெனிக்கு நீங்க எதுக்குன்னு நானும் ஒரு கணக்குப் போடவேண்டி வரும் என்றார். அதை மரியாதையாகத்தான் சொன்னார். தாளைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

டீ நேரம் முடிய இன்னும் நாலு நிமிஷம். மூன்றாம் மேசையில் அவள் மட்டும் முகத்துணியை மறுபடி கட்டிக்கொண்டு தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பெஞ்சில் வைத்திருந்த நோட்டைத் திறக்கிறேன், கையெழுத்து உள்ள வெற்றுப் பக்கம் இனி ஒன்றுகூட இல்லை. பதின்மூன்றாவது வெள்ளையாக இருக்கிறது, அடியில் யாரும் இல்லை. நின்றபடியே எழுதுகிறேன், மூன்றாம் மேசைப் பொட்டலம் நூறு கிராமா, இல்லையா. எழுத்து கோணல் மாணலாக வருகிறது. திருமூர்த்தியிடம் வாங்கலாம், அவன் சிரிப்பான், போட்டுவிடுவான், படிக்காமலே போட்டுவிடுவான். நோட்டை அவள் முன்னால் வைக்கிறேன். குனிந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், படிக்கும்போதே துணிக்கு மேலே அவள் கண் மாறுகிறது. இது என்னையப் பத்திங்களா என்கிறாள். ஆமாம்மா. தட்டைத் துடைக்கிறாள், துடைத்த இடத்தையே துடைக்கிறாள்.

"நான் எடுக்கலைங்ணா."

"அது இந்தப் பக்கத்துல இல்லைம்மா. எடை மட்டுந்தான் இருக்குது."

"குறைஞ்சுதுன்னா?"

"குறைஞ்சுதுன்னு எழுதுவேன்."

அவள் துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதுக்குங்க என்ர கையெழுத்து என்று கேட்டாள். நான் பின்னால மாத்தாம இருக்கறதுக்கு என்றேன். அப்படின்னா மாத்தற ஆளுங்களா நீங்க என்றாள், துணிக்குள் குரல் அமுங்கி வந்தது, குத்தலா கேள்வியா தெரியவில்லை, ஆமாம்மா என்றேன். பேனாவை வாங்கினாள். விரலைப் புடவையில் துடைத்தும் மஞ்சள் போகவில்லை, தாளின் ஓரத்தைப் பிடித்த இடத்தில் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்தது. நிதானமாகப் போட்டாள், ஐந்து எழுத்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன, கடைசி எழுத்தின் காலைச் சுழித்து முடித்தாள். மணி அடித்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின, அவள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிதியில் காலை வைத்தாள், நான் நோட்டை மூடாமல் காயவிட்டபடி ஸ்டோர் பக்கம் நடந்தேன், சீல் வைத்த பெட்டிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன, அதில் ஒரு பொட்டலத்தைக்கூட நான் இன்னும் தொடவில்லை.